எத்தனை பேப்பர்னு போட்டீங்க, என்ன கண்டுபிடிச்சார்னு போடலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பத்திரிகையில மாவட்டச் செய்திப் பக்கத்துல ஒரு பேராசிரியரைப் பத்தி போட்டோவோட பெரிய செய்தி வந்துச்சு. வேதியியலும் நுண்ணுயிரியலும் சேர்ந்த ஆராய்ச்சி பண்றவர், இத்தனை ஆய்வுக் கட்டுரை, இத்தனை ஆயிரம் சைட்டேஷன் (மத்தவங்க தங்க பேப்பர்ல இவர் பேப்பரை மேற்கோள் காட்டுறது), ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவு, உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியல்ல இடம்னு எல்லாம் போட்டு, கல்லூரித் தாளாளர் பொன்னாடை போத்துற படமும் இருந்துச்சு. சந்தோஷம்தான். அவரை எனக்குத் தெரியாது, அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, ரொம்ப நல்லா வேலை செய்றவராவே இருக்கலாம். என் கேள்வி உங்க நிருபருக்குத்தான். அரைப் பக்கச் செய்தியில அத்தனை எண் இருந்துச்சு, ஆனா அந்த மனுஷன் என்ன கண்டுபிடிச்சார்னு ஒரு வரி கூட இல்ல சார். எந்த பாக்டீரியாவைப் பார்த்தார், எந்த வேதிப்பொருளைச் செஞ்சார், அதனால யாருக்கு என்ன தெரிய வந்துச்சு, ஒண்ணுமே இல்ல.

நான் ஒரு கலைக் கல்லூரியில மைக்ரோபயாலஜி எடுத்து ரிட்டயர் ஆனவ, அதனால இந்த எண்ணெல்லாம் எப்படி வருதுன்னு கொஞ்சம் கிட்ட இருந்து பார்த்தவ. நீளமாத்தான் எழுதுறேன், இடம் இல்லைன்னா வெட்டிக்கங்க, ஆனா கீழ மார்சே டாக்டர் பத்தி வர்ற பகுதியை மட்டும் வெட்டிராதீங்க.

முதல்ல இந்த ஹெச்-இண்டெக்ஸ். எல்லா செய்தியிலயும் இது வருது, என்னன்னு வாசகருக்கு யாரும் சொல்றதே இல்ல. 2005ல ஜார்ஜ் ஹிர்ஷ்னு சான் டியாகோவுல இருக்குற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து இயற்பியல்காரர் ஒருத்தர் சொன்ன கணக்கு அது. ஒருத்தர் எழுதினதுல 20 பேப்பர், ஒவ்வொண்ணையும் குறைஞ்சது 20 பேப்பர்ல மேற்கோள் காட்டியிருந்தா அவருக்கு ஹெச்-இண்டெக்ஸ் 20. அவ்வளவுதான் விஷயம். வாழ்நாள் முழுக்க ஒரே ஒரு பேப்பர் எழுதி அதை 10,000 பேர் மேற்கோள் காட்டினாலும் அவருக்கு 1தான். அதோட இது ஏறுமே தவிர இறங்காது, ஆராய்ச்சியை விட்டுட்டு வீட்ல உக்காந்தாலும் பழைய பேப்பருக்கு சைட்டேஷன் வந்துட்டே இருக்கும், எண் மெல்ல ஏறிட்டே போகும். கணக்குத் துறையில பெரிய ஆளுக்கு இருக்குற ஹெச்-இண்டெக்ஸ் உயிர்வேதியியல்ல சின்ன ஆளுக்கே இருக்கும், ஏன்னா இங்க ஆளும் ஜாஸ்தி, பேப்பரும் ஜாஸ்தி, ஒவ்வொரு பேப்பருக்குப் பின்னாடி போடுற மேற்கோள் பட்டியலும் நீளம். அப்புறம் அந்த எண்ணை எங்கிருந்து எடுத்தாங்கன்னு உங்க செய்தியில இல்ல. சைட்டேஷனை எண்ணுற தரவுத்தளம் பல இருக்கு, கூகுள் ஸ்காலர்ல ஒரு எண் இருக்கும், ஸ்கோபஸ்ல அதை விடக் குறைவா இருக்கும், வெப் ஆஃப் சயின்ஸ்ல இன்னொண்ணு இருக்கும். கூகுள் ஸ்காலர் நெட்ல கிடைக்கிறதை எல்லாம் வாரிப் போட்டுக்கும். 2024ல, ஆராய்ச்சியில நடக்குற தில்லுமுல்லுகளைத் தேடிப் பிடிக்கிற ரெண்டு பேரு, லாரின்னு ஒரு பூனை பேர்ல கம்ப்யூட்டரை விட்டு அர்த்தமில்லாத கணக்கு பேப்பருங்களை எழுத வெச்சு, அதை மேற்கோள் காட்ட இன்னும் கொஞ்சம் டுபாக்கூர் பேப்பரை ஏத்தி, கூகுள் ஸ்காலர்ல பூனைக்கு ஒரு கௌரவமான ஹெச்-இண்டெக்ஸே வாங்கிக் கொடுத்துட்டாங்க. காசு கொடுத்தா சைட்டேஷன் ஏத்தித் தர்றோம்னு விளம்பரம் பண்றவங்க எப்படி செய்றாங்கன்னு காட்டத்தான் அதை செஞ்சாங்க.

சரி, பூனை கதை கிடக்கட்டும், நேர்மையாவே வந்த சைட்டேஷன்னா அது என்ன சொல்லுதுன்னு பாப்போம். உலகத்துலயே அதிகமா மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் எதுன்னு நேச்சர் பத்திரிகை 2014ல ஒரு பட்டியல் போட்டுச்சு. முதல் இடம் ஐன்ஸ்டீனும் இல்ல, டிஎன்ஏ இரட்டைச் சுருளும் இல்ல, அது முதல் 100லயே வரல. முதல் இடம் 1951ல ஆலிவர் லௌரி அப்படிங்கறவரும் கூட 3 பேரும் எழுதினது, ஒரு கரைசல்ல புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு நிறம் மாறுறதை வெச்சு அளக்குற முறை. 3 லட்சத்து 5 ஆயிரம் தடவைக்கு மேல மேற்கோள் காட்டியிருந்தாங்க அப்பவே. நாங்க எல்லாம் பிராக்டிகல்ல பண்ணினது, நீல நிறம் வரும், நிறத்தை அளக்குற கலரிமீட்டர்ல வெச்சு ரீடிங் எடுப்போம். லௌரியே, அது ஒண்ணும் மகத்தான பேப்பர் இல்லைன்னு தனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கார், உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்யுதுன்னும் சொல்லியிருக்கார், பாவம், யாருக்குத்தான் இருக்காது. ரெண்டாவது இடம் 1970ல லேம்லி தனி ஆளா எழுதினது, அதைவிட வேடிக்கை. பேப்பரோட தலைப்பு டி4ங்கற வைரஸ், அதாவது பாக்டீரியாவைத் தின்னுற வைரஸ், அதோட தலை எப்படி கட்டப்படுதுன்னு. ஆனா அதை மேற்கோள் காட்டினவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அந்த வைரஸைப் பத்தி ஒரு கவலையும் கிடையாது, அதுல அவர் புரோட்டீனைப் பிரிக்க ஓட்டின ஜெல் முறைக்காக காட்டினாங்க. மூணாவது பிராட்ஃபோர்டு 1976ல சொன்னது, அதுவும் புரோட்டீன் அளக்குறதுதான்.

இதுல தப்பு ஒண்ணும் இல்ல. கருவி செஞ்சா அதை எல்லாரும் பயன்படுத்துவாங்க, செஞ்சவன் பேரைச் சொல்லுவாங்க. ஆனா அந்த எண் சொல்றது எத்தனை பேரு எடுத்துப் புழங்கினாங்கன்னுதான். வேதியியல்ல இன்னும் ஒரு பிரமாதமான கூத்து இருக்கு. ஜெர்மனியில கோட்டிங்கன்ல ஜார்ஜ் ஷெல்ட்ரிக்னு ஒருத்தர், படிகத்துல எக்ஸ்ரே அடிச்சு மூலக்கூறு வடிவத்தைக் கணக்குப் போடுற சாஃப்ட்வேர் எழுதி இலவசமா கொடுத்தவர். அதைப் பயன்படுத்துறவங்க மேற்கோள் காட்ட வசதியா 2008ல ஒரு பேப்பர் எழுதினார், ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகாவோட ஏ பிரிவுல. அதுக்கு முன்னாடி 2 சொச்சமா இருந்த அந்த ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதுல வர்ற ஒரு பேப்பருக்கு சராசரியா எத்தனை சைட்டேஷன்னு சொல்ற எண், ஒரே வருஷத்துல 50 கிட்ட போயிருச்சு. அந்த வருஷம் அதே ஜர்னல்ல பேப்பர் போட்ட மத்தவங்க எல்லாம் நேச்சரை விட உசந்த ஜர்னல்ல போட்டோம்னு பயோடேட்டாவுல எழுதிக்கலாம், பொய்யும் இல்ல!

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். வேதியியலும் நுண்ணுயிரியலும் சேர்ந்ததுன்னு செய்தியில படிச்ச உடனே எனக்கு ஞாபகம் வந்தது வெள்ளி நானோ துகள்தான், அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு பொடியான வெள்ளித் துகள், அவர் அதுதான் பண்றார்னு சொல்லல, ஆனா நம்ம காலேஜ் லேப்கள்ல இந்த ரெண்டு டிபார்ட்மெண்டும் கை கோக்குற இடம் பெரும்பாலும் அதுதான். ஏதாவது ஒரு இலையைக் கொதிக்க வெச்சு சாறு எடுக்குறது, சில்வர் நைட்ரேட் கரைசல்ல ஊத்துறது, கொஞ்ச நேரத்துல பழுப்பு நிறமா மாறும், யூவி மெஷின்ல 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு வரும், அப்புறம் துகளோட அமைப்பையும் அளவையும் பார்க்குற எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம் சோதனை எல்லாம் காசு கட்டி வெளிய எடுத்துட்டு வரணும், கடைசியா நம்மகிட்ட, அதாவது மைக்ரோபயாலஜிகிட்ட வரும், கிருமி வளர்க்குற முல்லர் ஹிண்டன் அகார் பிளேட்ல ஈ கோலை, ஸ்டஃபைலோகாக்கஸ் தடவி அதுல குழி போட்டு ஊத்தி இன்குபேட்டர்ல வெச்சா மறுநாள் அதைச் சுத்தி கிருமி வளராத வட்டம் வரும், ஸ்கேல் வெச்சு மில்லிமீட்டர்ல அளந்தா ஒரு பேப்பர் ரெடி. வெள்ளிக்கு கிருமியைக் கொல்ற குணம் உண்டுன்னு எல்லாருக்கும் எப்பவோ தெரியும், வட்டம் வராம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இதை ஆரம்பிச்சு வெச்சவங்களைக் குறை சொல்ல மாட்டேன். புனே தேசிய ரசாயன ஆய்வகத்துல முரளி சாஸ்திரியோட குழு 2004ல வேப்பிலைச் சாறை வெச்சு தங்கம், வெள்ளி நானோ துகள் செஞ்சு காட்டினாங்க, அது அப்போ புதுசு, காட்டமான கெமிக்கல் இல்லாம ஒரு செடியே அந்த வேலையைச் செய்யும்னு காட்டினாங்க, அதுக்கு ஆயிரக்கணக்குல சைட்டேஷன் வந்தது நியாயம்தான். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா துளசி ஒரு பேப்பர், முருங்கை ஒரு பேப்பர், ஆவாரம்பூ ஒரு பேப்பர், இலைக்கு ஒண்ணு, வேருக்கு ஒண்ணு, பட்டைக்கு ஒண்ணுன்னு கிளம்பிருச்சு. நம்ம நாட்டுல செடிக்கா பஞ்சம். ஒவ்வொரு பேப்பரோட முன்னுரையிலயும் இதுபோல பல செடிகளில் செய்யப்பட்டுள்ளதுன்னு ஒரு வரி எழுதி அதுக்கு அடைப்புக்குறிக்குள்ள 8 முதல் 35 வரைன்னு மேற்கோளைக் கொத்தா போட்டுருவாங்க, படிச்சுப் போட்டதா இல்லையா ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஆனா அந்தக் கொத்துல இருக்குற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சைட்டேஷன் விழுந்துரும். கெமிஸ்ட்ரியில துகள் செஞ்சவர், மைக்ரோபயாலஜியில பிளேட் போட்டவர், மெஷின் இருக்குற வேற காலேஜ்காரர், அவங்க ஹெச்ஓடி, எல்லார் பேரும் மேல இருக்கும். 8 பேர் எழுதின ஒரு பேப்பர் 8 பேரோட கணக்குலயும் முழுசா 1ஆ ஏறும், எட்டுல ஒரு பங்கா ஏறாது. இப்படி ஒரு 10 வருஷம் ஓடினா யாருக்கும் ஹெச்-இண்டெக்ஸ் 40ஐ தொடும், அதுல திருட்டும் இல்ல புரட்டும் இல்ல, ஆனா ஆஸ்பத்திரியில ஒரு நோயாளிக்கு அந்த வட்டத்தால என்ன வந்துச்சுன்னு கேட்டா பதில் சொல்ல கஷ்டம். அந்த துகள் மனுஷ செல்லை என்ன பண்ணும், எவ்வளவு டோஸ், ஏற்கனவே இருக்குற மருந்தை விட இதுல என்ன மேல், இதெல்லாம் அடுத்த கட்டம், பெரும்பாலும் அந்த அடுத்த கட்டம் வர்றதே இல்ல, அடுத்த செடிதான் வரும்.

பிள்ளைங்களையும் குறை சொல்ல முடியாது. தீசிஸ் போடணும்னா பேப்பர் வேணும்னு விதி இருந்துச்சு, யுஜிசி 2022 நவம்பர்ல அது கட்டாயம் இல்லைன்னு மாத்தினாங்க, ஆனாலும் வேலைக்கு, பிரமோஷனுக்கு, காலேஜ் ரேங்க்குக்கு எல்லாத்துக்கும் எண்ணிக்கைதான் கேக்குறாங்க. ஒரு ஸ்காலர் ரெண்டு வருஷம் கஷ்டமான ஒரு கேள்வியைப் பிடிச்சுகிட்டு உக்காந்தா பக்கத்து சீட்டுல இருக்குறவர் அதுக்குள்ள 6 பேப்பர் போட்டுருவார், அப்போ எந்தப் பிள்ளைதான் கஷ்டமான கேள்வியை எடுக்கும்.

கஷ்டமான கேள்வியை எடுத்தவங்க கணக்கு எப்படி இருக்கும்னு ஒரு உண்மையான ஆளை வெச்சே சொல்றேன், அதுவும் வேதியியல், நுண்ணுயிரியல் ரெண்டுக்கும் பொருந்துற ஆள். எமானுவெல் ஷார்பென்டியே, பிரான்ஸ்காரங்க, பாரிஸ்ல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்ல 1995ல பிஹெச்டி முடிச்ச நுண்ணுயிரியலாளர், 2020ல நோபல் வாங்கினது வேதியியலுக்கு. அந்தம்மா நியூயார்க், மெம்ஃபிஸ், வியன்னா, ஸ்வீடன்ல உமியோன்னு ஊர் ஊரா மாறி மாறி, நிரந்தர வேலை இல்லாம, அங்கங்க கிடைச்ச நிதியில சின்ன குழுவோட இருந்தாங்க. பார்த்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், நம்ம குழந்தைகளுக்கு தொண்டைப் புண் கொண்டு வர்ற அதே கிருமி. 2011ல நேச்சர்ல ஒரு பேப்பர், அந்த பாக்டீரியா தன்னைத் தாக்குற வைரஸை வெட்டுறதுக்கு ஒரு சின்ன ஆர்என்ஏ உதவுதுன்னு. அதே வருஷம் போர்ட்டோரிக்கோவுல ஒரு கருத்தரங்குல ஜெனிஃபர் டவுட்னாங்கற அமெரிக்க உயிர்வேதியியலாளரைப் பார்த்து பேசி, 2012ல சயன்ஸ் பத்திரிகையில ரெண்டு குழுவும் சேர்ந்து ஒரு பேப்பர், அந்த வெட்டுற புரோட்டீனை நாம விரும்புற டிஎன்ஏ இடத்துக்கு அனுப்பலாம்னு, இப்போ கிறிஸ்பர்னு சொல்ற ஜீன் வெட்டுற முறை அதுதான். அந்த ஒரு பேப்பருக்கு இப்போ 10,000க்கும் மேல சைட்டேஷன். 2010ல உங்க நிருபர் அந்தம்மாவைத் தேடிப் போயிருந்தா, ஹெச்-இண்டெக்ஸைப் பார்த்துட்டு, செய்தி ஒண்ணும் இல்லைன்னு திரும்பி வந்திருப்பார். அந்த எண் எல்லாம் பின்னாடி வந்தது சார், வேலை முதல்ல நடந்துச்சு.

அந்தக் கதையிலயே இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1987ல ஜப்பான்ல ஒசாகா பல்கலைக்கழகத்துல இஷினோன்னு ஒருத்தர் ஈ கோலையில ஒரு ஜீனைப் படிக்கும்போது பக்கத்துல ஒரே மாதிரி டிஎன்ஏ எழுத்து திரும்பத் திரும்ப வர்றதைப் பார்த்தார், பின்னாடி கிறிஸ்பர்னு பேர் வந்தது அதுக்குத்தான், இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியலைன்னு பேப்பர்ல எழுதி வெச்சுட்டு போயிட்டார். யோசிச்சுப் பாருங்க, தெரியலைன்னு எழுதுறதுக்கும் ஒரு தைரியம் வேணும். அப்புறம் ஸ்பெயின்ல அலிகாந்தேங்கற கடலோர ஊர்ல ஃபிரான்சிஸ்கோ மொஹிகா, உப்பளத்துல வாழுற ஒரு நுண்ணுயிரை எடுத்துகிட்டு அதே திரும்ப வர்ற எழுத்தை 10 வருஷத்துக்கு மேல துரத்தினார். 2003ல பிடிச்சுட்டார், நடுவுல இருக்குற துண்டெல்லாம் பழைய வைரஸோட டிஎன்ஏ, அதாவது பாக்டீரியாவுக்கும் தடுப்பூசி போட்ட மாதிரி ஒரு நினைவு இருக்குன்னு. நேச்சருக்கு அனுப்பினார், திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு பெரிய ஜர்னல், புதுமையும் முக்கியத்துவமும் பத்தலைன்னுட்டாங்க. இன்னும் ரெண்டு இடம். கடைசியில 2005ல ஜர்னல் ஆஃப் மாலிக்யுலர் எவல்யூஷன்ல வந்துச்சு, அதொண்ணும் பெரிய இம்பாக்ட் ஃபேக்டர் உள்ள இடம் இல்ல. இம்பாக்ட் ஃபேக்டரைப் பார்த்து ஆளை எடைபோடுற செலக்ஷன் கமிட்டி எதுவும் அந்த பேப்பரைத் தொட்டுக்கூட பார்த்திருக்காது. ரெண்டு வருஷம் கழிச்சு, தயிர் உறைய வைக்கிற பாக்டீரியாவை விக்கிற டானிஸ்கோ கம்பெனிக்காரங்க பரிசோதனை செஞ்சு அவர் சொன்னது சரின்னு சயன்ஸ்ல காட்டினாங்க.

நம்ம சிதம்பரத்துல பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனையே எடுத்துக்கங்க. அமெரிக்காவுல 50 பல்கலைக்கழகம் கிட்ட வேலைக்கு விண்ணப்பம் போட்டு ஒரு இடத்துலயும் கிடைக்காம இருந்தவர், வெந்நீர்ல வாழுற ஒரு பாக்டீரியாவோட ரைபோசோம், அதாவது செல்லுக்குள்ள புரோட்டீன் செய்ற பகுதி, அதோட வடிவத்தைக் கண்டுபிடிச்சு 2009ல வேதியியல் நோபல் வாங்கினார். ஆன்டிபயாடிக் மருந்து அந்த ரைபோசோம்ல எங்க போய் ஒட்டி கிருமியோட வேலையை நிறுத்துதுன்னு அவங்க காட்டினதால தெரிஞ்சுச்சு. அவரோட ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, தெரியவும் வேணாம்.

இப்போ மார்சே டாக்டர். எண்ணை மட்டும் நம்பினா என்ன ஆகும்னு காட்ட இவரை விட்டா ஆள் கிடையாது. திதியே ராவுல், பிரான்ஸ்ல மார்சே நகரத்துல பெரிய தொற்றுநோய் நிறுவனத்தோட தலைவரா இருந்த மைக்ரோபயாலஜிஸ்ட், 2,000க்கு மேல பேப்பர்ல பேர் இருக்குறவர், சைட்டேஷன் எல்லாம் மலை மாதிரி. சும்மா வந்த ஆளும் இல்ல, 2003ல மிமிவைரஸ்னு பாக்டீரியா அளவுக்குப் பெரிசா இருக்குற ஒரு வைரஸை உலகத்துக்குக் காட்டின குழுவுல இருந்தவர், அது நிஜமாவே பெரிய வேலை. 2020 மார்ச்ல கொரோனா வந்து எல்லாரும் நடுங்கிட்டு இருந்தப்போ மலேரியாவுக்குக் கொடுக்குற ஹைட்ராக்சிக்ளோரோகுயின் மாத்திரையைக் கொடுத்தா வைரஸ் போயிருதுன்னு ஒரு பேப்பர் போட்டார். அனுப்பின மறுநாளே அந்த ஜர்னல் ஏத்துக்கிச்சு. பேப்பர் எழுதினவங்கள்ல ஒருத்தரே அந்த ஜர்னலோட தலைமை எடிட்டர். மருந்து எடுத்தவங்க 26 பேர், அதுல 6 பேரைக் கணக்குல சேக்கவே இல்ல, அந்த 6 பேர்ல 3 பேர் ஐசியூவுக்குப் போயிட்டாங்க, ஒருத்தர் செத்துட்டார். இதைத் தள்ளிட்டு மருந்து வேலை செய்யுதுன்னு சொன்னா என்ன கணக்கு அது? பிராக்டிகல் நோட்டுல ஒரு பிஎஸ்சி பிள்ளை இப்படி எழுதினா நான் சிவப்பு பேனாவால வட்டம் போட்டிருப்பேன்.

ஆனா உலகம் அதை நம்பிச்சு. பெரிய பேரு, பெரிய எண்ணு. அமெரிக்க ஜனாதிபதி ட்விட்டர்ல போட்டார், மருந்துக் கடைகள்ல மாத்திரை காலி ஆச்சு, மூட்டுவாதத்துக்கும் லூபஸுக்கும் வருஷக்கணக்கா அதே மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தவங்க கிடைக்காம அலைஞ்சாங்க. பெரிய அளவுல முறையா சோதனை நடந்து அது கொரோனாவுக்கு உதவலைன்னு தெரிய வந்துச்சு. அந்த பேப்பரை ஜர்னல் திரும்பப் பெற்றது எப்போ தெரியுமா, 2024 டிசம்பர்ல, கிட்டத்தட்ட அஞ்சு வருஷம் கழிச்சு. அதுக்கு முன்னாடியே 2022ல ஜர்னல் வெளியிடுற பிளாஸ் நிறுவனம் அந்த மார்சே குழு ஆளுங்களோட 49 பேப்பர் மேல, நோயாளிகள்கிட்ட எடுத்த ஆய்வுக்கு முறையான ஒப்புதல் இருந்துச்சான்னு சந்தேகக் குறிப்பு போட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா அந்த ஹைட்ராக்சிக்ளோரோகுயின் பேப்பருக்கு ஆயிரக்கணக்குல சைட்டேஷன் இருக்கு. அதுல நிறைய பேரு இது தப்புன்னு சொல்றதுக்காகவே மேற்கோள் காட்டினாங்க. திட்டினாலும் ஒரு சைட்டேஷன், புகழ்ந்தாலும் ஒரு சைட்டேஷன், எண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஏதோ ஒரு வெளிநாட்டு ஆள் கதைன்னு விட முடியாது. 2023ல உலகம் பூரா 10,000க்கு மேல பேப்பர் திரும்பப் பெறப்பட்டுச்சு, அதுல 8,000 கிட்ட ஹிந்தாவிங்கற ஒரே பதிப்பகத்தோடது, காசு வாங்கிட்டு பேப்பர் எழுதிக் கொடுக்குற பேப்பர் மில் வேலை. அதே வருஷம் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்கள்னு கிளாரிவேட் நிறுவனம் போடுற பட்டியல்ல இருந்து 1,000 பேருக்கு மேல தூக்கினாங்க, நம்பும்படி இல்லைன்னு.

கடைசியா அந்த 2 சதவீதப் பட்டியல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்டதுன்னு எல்லா பத்திரிகையும் எழுதுது. அது பல்கலைக்கழகம் கொடுக்குற பட்டமோ விருதோ இல்ல சார். அங்க இருக்குற ஜான் அயோனிடிஸ்னு ஒரு பேராசிரியரும் அவர் கூட வேலை செய்றவங்களும் ஸ்கோபஸ் தரவை வெச்சு வருஷா வருஷம் போடுற ஒரு எக்செல் ஷீட், எல்ஸ்வியர் நிறுவனத்தோட தளத்துல யாரு வேணா இறக்கிக்கலாம். இந்த எண்ணெல்லாம் தப்பாவும் பயன்படுதுன்னு அவங்களே அதைப் பத்தின கட்டுரையில சொல்லியிருக்காங்க. அதுல ரெண்டு பட்டியல் இருக்கு, ஒண்ணு வாழ்நாள் முழுசுக்கும், இன்னொண்ணு ஒரே ஒரு வருஷத்துக்கு மட்டும். ஒரு வருஷப் பட்டியல்ல வர்றதுக்கும் வாழ்நாள் பட்டியல்ல வர்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், ஆனா செய்தியில எதுன்னே சொல்றதில்ல. அதே ஷீட்ல ஒவ்வொரு பேருக்கும் நேரா தன்னைத் தானே மேற்கோள் காட்டினது எத்தனை சதவீதம்னு ஒரு கட்டம் இருக்கு, அதை நீக்கிப் பார்த்தா இடம் எங்க போகுதுன்னும் இருக்கு. அவர் தனியா எழுதினது, முதல் பேரா எழுதினது, கடைசிப் பேரா எழுதினதுக்கு எவ்வளவு சைட்டேஷன்னு பார்க்கவும் கட்டம் இருக்கு, அதாவது வேலையை செஞ்சவரா, நடத்தினவரா, இல்ல நடுவுல பேர் மட்டும் இருக்குறவரான்னு ஓரளவு தெரியும். 2024ல இருந்து திரும்பப் பெறப்பட்ட பேப்பர் எத்தனைன்னும் போடுறாங்க. எல்லாம் ஒரே வரியில இருக்கு, பக்கவாட்டுல தள்ளிப் பார்த்தா போதும். தன் பேப்பரைத் தானே மேற்கோள் காட்டுறது குற்றம் இல்ல, ஒரே கேள்வியை 20 வருஷம் பிடிச்சவர் தன் பழைய பேப்பரைச் சொல்லித்தான் ஆகணும், ஆனா பாதிக்குப் பாதி அப்படி இருந்தா நிருபர் ஒரு கேள்வி கேக்கணுமா வேணாமா.

அதனால நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. இனிமே இப்படி செய்தி வந்தா, எண்ணைப் போடுங்க, வேணாம்னு சொல்லல, எங்கிருந்து எடுத்தது, எந்தப் பட்டியல்னு கூடவே போடுங்க. ரெண்டாவது, அந்தப் பேராசிரியர்கிட்டயே உங்க பேப்பர்லயே உங்களுக்குப் பெருமையா இருக்குறது எது, அதுல என்ன தெரிஞ்சுச்சு, எங்க சொதப்புச்சுன்னு கேட்டு ஒரு பத்தி எழுதுங்க. நல்ல ஆராய்ச்சி பண்றவர் இந்தக் கேள்விக்கு மணிக்கணக்கா பேசுவார், நிருபருக்குத்தான் நோட்டு பத்தாது.

புதுப் பட்டியல் வழக்கமா செப்டம்பர், அக்டோபர் வாக்குல வரும், வந்த ரெண்டு நாள்ல காலேஜ்காரங்க பிரஸ் நோட்டோட உங்க ஆபீஸ் வாசல்ல நிப்பாங்க. அவங்க கொடுக்குறதை அப்படியே போடாம அந்த ஷீட்டை இறக்கி வெச்சுகிட்டு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. பேப்பர் திரும்பப் பெறப்பட்டிருக்கான்னு பார்க்க ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளம் இருக்கு, 2023ல இருந்து அதோட முழுத் தரவும் எல்லாருக்கும் இலவசம், பேரைப் போட்டா வந்துரும், ஒரே பேர்ல வேற ஆளும் இருப்பாங்க, அதனால காலேஜ் பேரையும் சேத்துப் பார்த்துக்கணும். உங்க ஆளுங்களுக்கு அதைப் பார்க்குறது பழக்கம் இல்லைன்னா என் போன் நம்பர் இந்த மெயில்லயே இருக்கு, சாயங்காலம் 5 மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க, சொல்லித் தரேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியை,
திருச்சி.